ஐஸ் பிளாண்ட் முதலாளிகளை மின்சிக்கனத்தில் பணம் போட வைப்பது எப்படி?

இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: தொண்டியிலிருந்து கீழக்கரை வரை ஐஸ் பிளாண்ட், மீன் கம்பெனி, லாட்ஜ் நடத்துகிறவர்களிடம் பருவநிலை மாற்றத்தை எடுத்துச் சொல்லி, மின்சாரத்தைக் குறைவாகத் தின்னும் இயந்திரங்களில் முதலீடு செய்யுங்கள் என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள், ஒருவரும் செய்வதில்லை, விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினால் பலன் இருக்குமா? கூட்டம் நடத்துவது பற்றிய கேள்வியாக இது தோன்றினாலும், அவர் அறிய விரும்புவது வேறு என்றே எனக்குப் படுகிறது. ஒரு கூடை மீனில் எட்டணா பிசகினாலும் கண்டுபிடித்துவிடும் கணக்குப்பிள்ளைகளை வைத்துத் தொழில் நடத்துகிறவர்கள், இரண்டு மூன்று ஆண்டுகளில் திரும்பிவிடக்கூடிய பணத்தைப் போடாமல் இருப்பது ஏன்? இதற்கு விடை கிடைத்தால்தான் ஊக்குவிப்பது எப்படி என்பதற்கும் விடை கிடைக்கும். நான் குளிர்பதனத் தொழில் படித்து, ஒன்றிய அரசின் எரிசக்தித் திறன் பீரோவிடம் சான்று பெற்று, மின்சாரம் எங்கே வீணாகிறது என்று அளந்து சொல்லும் தணிக்கையாளராக இந்தக் கடற்கரையின் ஆலைகளில் பல ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். அந்தப் பழக்கத்திலிருந்தே எழுதுகிறேன்.

அவர்களுக்கு அக்கறை இல்லை என்பது தவறான முடிவு. பவளப்பாறைகள் 2010-இலும் 2016-இலும் வெளுத்ததை மன்னார் வளைகுடாவில் முக்குளிக்கிறவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்; அந்தச் செய்தி ஐஸ் பிளாண்ட் முதலாளிக்கும் தெரியும். அவருக்குத் தெரியாதது தன் ஆலையில் எந்த இயந்திரம் எவ்வளவு மின்சாரத்தை வீணாக்குகிறது என்பதுதான். மாதாமாதம் வரும் கரண்ட் பில்லில் மொத்த யூனிட் ஒன்றுதான் இருக்கும். கம்ப்ரசர் எவ்வளவு, தண்ணீர் பம்பு எவ்வளவு, பிரைன் என்கிற குளிர்ந்த உப்புநீர்த் தொட்டியின் கலக்கி எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்லாது. ஓர் ஆபரேட்டர் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "பில்லு வருது, முதலாளி கட்டுறாரு. எது எவ்வளவு திங்குதுன்னு யாரு சார் பாத்தா?" கண்ணுக்குத் தெரியாத நஷ்டத்தை மிச்சப்படுத்த யாரும் கைக்காசைப் போட மாட்டார்கள். ஆகவே முதல் வேலை அளப்பது. கூட்டம் அதற்குப் பிறகுதான்.

அளப்பதற்கு ஒரே ஓர் எண் போதும்: ஒரு டன் ஐஸுக்கு எத்தனை யூனிட். இதில் ஐயத்துக்கு இடமில்லாத பகுதி இயற்பியல். 30 டிகிரியில் உள்ள ஒரு டன் தண்ணீரைப் பூஜ்ய டிகிரிக்குக் குளிர்வித்து உறைய வைக்க ஏறத்தாழ 130 யூனிட்டுக்குச் சமமான வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு மூன்று யூனிட் வெப்பத்தை வெளியேற்றும் கம்ப்ரசராக இருந்தால், அதற்கு மட்டும் 40 யூனிட்டுக்குச் சற்று மேல் போதும். கலக்கி, பம்பு, தொட்டிக்குள் கசியும் வெப்பம் எல்லாம் சேர்த்து, வெப்ப நாடுகளில் பார் ஐஸ் ஆலைக்கு 55 முதல் 70 யூனிட் வரை ஆகலாம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. உங்கள் ஊர் ஆலை ஒன்றில் மாத யூனிட்டை அந்த மாதம் இறக்கிய ஐஸ் டன்னால் வகுத்துப் பாருங்கள். 80-ஐத் தாண்டினால் எங்கோ கோளாறு இருக்கிறது. இந்த எண்ணைக் கண்டுபிடிக்கத் தணிக்கையாளர்கூடத் தேவையில்லை. பில்லும் ஐஸ் விற்ற நோட்டும் போதும்.

எங்கே கோளாறு இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கடற்கரையில் அது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் குழாய்களின் மேல் நாள் முழுவதும் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். நம் பக்கத்து நிலத்தடி நீர் உப்பும் கடினமும் மிகுந்தது. ஆறு மாதம் கவனிக்காமல் விட்டால் குழாய் மேல் சுண்ணாம்புக் காரை போல வெள்ளையாகப் படிந்து, உளியால் தட்டினால் ஓடு ஓடாகப் பெயர்ந்து விழும். அந்தப் படிவு வெப்பம் வெளியேறுவதைத் தடுப்பதால், குழாய்க்குள் ஓடும் குளிரூட்டும் வாயுவான அமோனியாவின் அழுத்தம் ஏறுகிறது, கம்ப்ரசர் கூடுதலாக உழைக்கிறது. அமோனியா திரவமாகும் வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் கம்ப்ரசரின் மின்செலவு சுமார் 2 முதல் 3 சதவீதம் ஏறும். 38 டிகிரியில் இருக்க வேண்டியது 45-க்குப் போனால் கூட்டிப் பாருங்கள், ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மின்சாரம் படிவுக்கே போகிறது. குழாய்க்குள் அமோனியாவோடு காற்று கலந்துவிட்டாலும் இதே கதைதான். அதை அவ்வப்போது வெளியேற்ற வேண்டும். மறுபக்கம், பிரைனைத் தேவைக்கு மேல் குளிரவைப்பது. ஐஸ் சீக்கிரம் இறங்கட்டும் என்று ஆபரேட்டர்கள் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இறக்கிவைப்பதுண்டு. அதற்கும் டிகிரிக்கு ஏறத்தாழ 3 சதவீதம் தண்டம். தொட்டி மேல் போடும் மரப்பலகை மூடிகள் உடைந்து, அந்த இடத்தில் சாக்கு விரித்திருப்பதையும் நான் பல ஆலைகளில் பார்க்கிறேன். இந்த வேலைகளில் எதற்கும் லட்சங்கள் தேவையில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 20 டன் இறக்கும் ஆலை, முழு உற்பத்திக்குச் சமமாக ஆண்டில் 200 நாள் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டன்னுக்கு 15 யூனிட் குறைத்தால் ஆண்டுக்கு 60,000 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால் 4,80,000 ரூபாய். நம் நாட்டு மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாவதால், அந்த வாயுவும் 42 டன் குறைகிறது. இந்தத் தொகை எல்லா ஆலையிலும் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே 60 யூனிட்டில் நன்றாக ஓடும் ஆலையில் இதில் கால்வாசி கிடைப்பதும் கடினம். அளக்காமல் சதவீதம் சொல்பவரை நம்ப வேண்டாம், நானாகவே இருந்தாலும் சரி.

அடுத்தது மோட்டார். எரிந்த மோட்டாருக்குத் திரும்பத் திரும்பக் காயில் கட்டி ஓட்டுவது நம் வழக்கம். அக்கறையில்லாமல் கட்டினால் ஒவ்வொரு முறையும் ஓரிரு சதவீதத் திறன் போய்விடும். 30 குதிரைத்திறன், அதாவது 22 கிலோவாட் மோட்டார் ஒன்று 88 சதவீதத் திறனில் ஓடுகிறது என்று வைத்தால், ஐ.இ. 3 என்கிற உயர்திறன் தர மோட்டாரின் திறன் 93 சதவீதம். முழுச் சுமையில் ஆண்டுக்கு 4,000 மணி நேரம் ஓடினால் வித்தியாசம் 5,000 யூனிட்டுக்கு மேல், பணமாக 40,000 ரூபாயைத் தாண்டும். புதியது ஒன்றேகால் லட்சம் ஆனாலும் சுமார் மூன்று ஆண்டில் அடைந்துவிடும். ஆனால் மோட்டார் எரிவது சீசன் நடுவில், ஐஸுக்குப் படகு காத்திருக்கும்போதுதான். அந்த வேளையில் காயில் கட்டும் கடை நாளைக்கே தருகிறேன் என்கிறது, புது மோட்டாருக்கு மதுரைக்கு ஆள் போக வேண்டும். முதலாளி எதைத் தேர்ந்தெடுப்பார்? அந்த இடத்தில் நான் இருந்தாலும் கடைக்குத்தான் போவேன். எரிவதற்கு முன்பே ஒரு மோட்டாரைச் சங்கத்தின் கையிருப்பில் வாங்கி வைத்திருந்தால் மட்டுமே இந்த வழக்கம் மாறும்.

இனி, என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய முட்டுக்கட்டையைச் சொல்ல வேண்டும். இந்தப் பகுதியில் பல ஐஸ் பிளாண்டுகளும் லாட்ஜுகளும் குத்தகைக்கு ஓடுகின்றன. இயந்திரம் உரிமையாளருடையது, கரண்ட் பில் குத்தகைக்காரருடையது. உரிமையாளர் புது மோட்டார் வாங்கினால் மிச்சமாகும் பணம் குத்தகைக்காரருக்குப் போகிறது. குத்தகைக்காரர் வாங்கினால், குத்தகை முடியும்போது அது உரிமையாளரின் சொத்தாகிவிடுகிறது. இருவரும் நல்லவர்கள், இருவருக்கும் கணக்குத் தெரியும், அதனால்தான் இருவரும் வாங்குவதில்லை. இதற்கு எந்த விழிப்புணர்வுக் கூட்டமும் மருந்தாகாது. குத்தகைப் பத்திரத்தில் ஒரு ஷரத்து வேண்டும்: குத்தகைக்காரர் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட இயந்திரத்தில் போடும் பணத்தை, மாதவாரியாக வாடகையில் கழித்துக்கொள்ளலாம், மீதமிருக்கும் தொகையைக் குத்தகை முடியும்போது உரிமையாளர் கொடுத்துவிட வேண்டும். எழுதினால் நாலைந்து வரிதான் வரும். உங்கள் சங்கத்தில் பத்திரம் எழுதுகிறவர் யாரேனும் இருந்தால், மாதிரி ஒன்றைத் தயாரித்து எல்லாருக்கும் கொடுங்கள். நீங்கள் செய்யக்கூடிய வேலைகளிலேயே இதற்குத்தான் முதலிடம் தருவேன்.

நம்பிக்கை இன்னொரு சிக்கல். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் பெட்டி என்று எதையோ விற்றுவிட்டுப் போனவர்களிடம் இந்தக் கடற்கரையில் பலர் ஏமாந்திருக்கிறார்கள். கெப்பாசிட்டர் வங்கி அவசியமானதுதான். பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் விகிதம், குறைவதால் விழும் அபராதத்தை அது தவிர்க்கும். ஆனால் கம்ப்ரசர் செய்யும் வேலையை அது குறைப்பதில்லை, மீட்டரில் ஓடும் யூனிட்டையும் அநேகமாகக் குறைப்பதில்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விற்றதால், பின்னால் வரும் உண்மையான ஆலோசனையும் சந்தேகத்தோடு பார்க்கப்படுகிறது. அதனால் பேச்சைவிடப் பக்கத்து ஆலையின் எண் பெரிது. ஓர் ஆலையில் செய்து, முன்னும் பின்னும் டன்னுக்கு எத்தனை யூனிட் என்று அந்த முதலாளியே தன் வாயால் சொன்னால், மற்றவர்கள் தானாகவே வந்து பார்ப்பார்கள்.

பணத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கு எரிசக்தித் தணிக்கைச் செலவிலும், அதன் பரிந்துரைப்படி வாங்கும் இயந்திரச் செலவிலும் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் 'பீஸ்' என்ற மானியத் திட்டம் இருக்கிறது. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றிய அரசு 2025 ஜூலையில் தொடங்கிய 'அடீட்டி' திட்டத்தில், குறு, சிறு நிறுவனங்களுக்குக் கடன் வட்டியில் 5 சதவீதமும் நடுத்தர நிறுவனங்களுக்கு 3 சதவீதமும் சலுகை உண்டு. அதில் சேர்க்கப்பட்ட தொழில்களில் மீன் தொழிலும் ஒன்று. ஆனால் அது குறிப்பிட்ட தொழில் திரள்களில் கட்டம் கட்டமாக நடப்பது. நம் மாவட்டத்துக்கு எப்போது என்பதை உறுதி செய்துகொண்டே பேச வேண்டும். விதிமுறைகளும் உச்சவரம்புகளும் மாறிக்கொண்டே இருப்பவை. மானியம் வரும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு அது வராமல் போனால், அதற்குப்பின் அந்த முதலாளி உங்களை நம்ப மாட்டார். மானியம் இல்லாமலே கணக்குக் கட்டுபடியாகும் வேலைகளை முதலில் சொல்லுங்கள்.

சட்டத்தின் கட்டாயம் உதவுமா என்றால், பெரிய ஆலைகளுக்கு உதவியிருக்கிறது. 2012-இல் தொடங்கிய 'பாட்' திட்டத்தில் சிமெண்ட், இரும்பு, அனல்மின் நிலையம் போன்ற 8 துறைகளைச் சேர்ந்த 478 ஆலைகளுக்கு எரிசக்திச் செலவைக் குறைக்க இலக்கு வைத்தார்கள்; முதல் மூன்றாண்டுச் சுற்றில் இலக்கைத் தாண்டியே சேமித்தார்கள். அந்த வலையில் மண்டபத்து ஐஸ் பிளாண்ட் விழாது, அவ்வளவு சிறியது. கார்பன் வெளியீட்டைக் குறைத்ததற்குச் சான்று பெற்று அதை விற்க 2023-இல் அறிவிக்கப்பட்ட கரிமச் சந்தையும் அப்படியே. 42 டன்னைச் சரிபார்த்துச் சான்று வாங்கும் செலவே வருமானத்தை விழுங்கிவிடும் என்பது என் கணிப்பு. அதைக் காட்டி ஆசை ஊட்டாதீர்கள். சிறு தொழிலுக்குப் பலித்த வழி கூட்டாக வாங்குவது. எல்.இ.டி. பல்பை அரசு நிறுவனம் மொத்தமாக வாங்கத் தொடங்கியதும், 2014-இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. மோட்டார் அந்த அளவுக்கு இறங்காது; ஆனால் பத்து ஆலைகள் சேர்ந்து கேட்டால் விலையும் குறையும், உத்தரவாதமும் வலுக்கும், மெக்கானிக்கும் சொன்ன நாளில் வருவார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மீன் தொழிலின் கரிமக் கணக்கில் பெரும்பங்கு விசைப்படகின் டீசல்தான். படகின் அடியில் கொட்டலசும் பாசியும் படிந்தால் அதே வேகத்துக்குக் கூடுதல் டீசல் எரியும். இயந்திரத்தின் திறன் தேவை ஏறத்தாழ வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவதால், வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் அதே தூரத்துக்கு டீசல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். வரிவிலக்கு டீசல் கிடைப்பதால் இந்தக் கணக்கைப் பலர் போடுவதில்லை. அந்த விலக்கை எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன், கடலுக்குப் போகிறவனின் வயிற்றில் அடிக்கும் காரியம் அது. ஆனால் படகை மேலே ஏற்றும்போது அடிப்பாகத்தைச் சுத்தம் செய்து நல்ல பூச்சு கொடுப்பதற்கு, விலக்கு இருந்தாலும் பணம் திரும்பும்.

குளிரூட்டும் வாயுவும் அதுபோலத்தான். பழைய ஐஸ் ஆலைகளில் உள்ள அமோனியா கசிந்தால் ஆளுக்கு ஆபத்து, ஆனால் புவி வெப்பத்தை அது ஏற்றுவதில்லை. சிறிய குளிர் அறைகளில் உள்ள ஆர்-22 வாயு ஒரு கிலோ கசிந்தால், அது 1.8 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியிட்டதற்குச் சமம். மேலே சொன்ன மோட்டாரை மாற்றிக் கிடைக்கும் ஓராண்டுப் பலன், இரண்டு கிலோ கசிவில் போய்விடும். ஒவ்வொரு சீசனிலும் "கேஸ் ஏத்துறோம்" என்கிற ஆலையில் முதலில் கசிவைத்தான் அடைக்க வேண்டும். இராமேஸ்வரம் லாட்ஜுகளுக்கு நான் சொல்வது கொஞ்சமே: ஏ.சி.யை 24 டிகிரியில் வையுங்கள், ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் பீரோவின் கணக்கு. வெந்நீருக்குச் சூரிய ஹீட்டர் போடுங்கள்.

பருவநிலை பற்றி அவர்களிடம் எப்படிப் பேசுவது என்பதில்தான் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. மண்டபத்து ஆலைகள் அத்தனையும் சீர்பட்டாலும் மன்னார் வளைகுடாவின் நீர் ஒரு டிகிரிகூடக் குளிராது. அது உலகம் முழுவதும் எரிக்கும் நிலக்கரியையும் எண்ணெயையும் பொறுத்தது. "இதைச் செய்தால் நம் பவளப்பாறை பிழைக்கும்" என்று சொன்னால் அது பொய். கடலை அறிந்தவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு. 2023-இல் துபாய் மாநாட்டில் உலக நாடுகள் ஆற்றல் திறன் உயரும் வேகத்தை 2030-க்குள் இருமடங்காக்க ஒப்புக்கொண்டன. அந்த இலக்கை இப்படிப்பட்ட பல லட்சம் சிறு ஆலைகளை விட்டுவிட்டு எட்ட முடியாது. மிச்சமாகும் பணத்தில் இன்னொரு கம்ப்ரசர் வாங்கி ஓட்டினால் கார்பன் வெளியீடு குறையுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி; 1865-லேயே ஜெவோன்ஸ் என்ற இங்கிலாந்துப் பொருளியலாளர் நிலக்கரியை வைத்து இதை எழுப்பினார். ஐஸின் தேவையைப் படகுகளின் எண்ணிக்கையும் மீன் வரத்தும் தீர்மானிப்பதால், நம் ஆலைகளில் சேமிப்பின் பெரும்பகுதி நிற்கும் என்று கருதுகிறேன். இது என் கணிப்பு, முன்பு சொன்ன வெப்பக் கணக்கைப் போல் உறுதியானது அன்று. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்க நாம் ஏன் சிக்கனம் பிடிக்க வேண்டும் என்பதற்கு மட்டும் தயங்காமல் பதில் சொல்லலாம்: ஐஸ் பிளாண்ட் இரவிலும் ஓடுகிறது.

எப்போது தொடங்குவது என்பதற்கு நம் கடலே தேதி குறித்து வைத்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஐஸின் தேவை படுத்துவிடும், ஆலையை நிறுத்தலாம், படகும் கரையில் இருக்கும். மற்ற மாதங்களில் ஆலையை ஒருநாள் நிறுத்தினாலும் படகுக்காரர் அடுத்த பிளாண்டுக்குப் போய்விடுவார் என்ற பயம் நியாயமானது. ஆனால் அளவீட்டைத் தடைக்காலத்தில் செய்யக் கூடாது, சுமை இல்லாத ஆலையின் எண் எதற்கும் உதவாது. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் படகு போகும் நாள், போகாத நாள் இரண்டையும் சேர்த்து அளந்துவிடுங்கள். இயந்திரத்துக்கான ஆர்டரை மார்ச் முடிவதற்குள் கொடுத்தால்தான் மே மாதத்தில் பொருத்த முடியும். ஜூன் கடைசியில் ஆலை முழு ஓட்டத்துக்கு வந்ததும் அதே மீட்டரில் திரும்ப அளக்க வேண்டும். முதல் ஆலையாக, உரிமையாளரே நடத்தும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பன்னிரண்டு மாத கரண்ட் பில்லையும் ஐஸ் விற்ற நோட்டையும் பார்க்கத் தருவாரா என்று அவரிடம் கேளுங்கள். தருகிறவராக இருந்தால் டன் கணக்கை நீங்களே போட்டு இங்கே எழுதுங்கள், மேலே என்ன செய்யலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.